கட்டாத பால்

வானொலியில் மருத்துவ நேரம் நடத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச மருத்துவர் வந்து ஒலிவாங்கி முன் அமர்ந்ததும் முதல் அழைப்பு வரும். "டாக்டர், கட்டி இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" இரண்டாவது அழைப்பு, "கட்டி வலிக்குமா டாக்டர்?" மூன்றாவதாக ஓர் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் மகளுக்கு அக்குள் பக்கம் சின்னதா ஒரு கட்டி..." என்று இழுப்பார். அரை மணி நேரம் முடிவதற்குள் அந்த ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணினால் கைவிரல்கள் போதாது.

அந்தச் சொல்லை நான் குறைத்துப் பேசமாட்டேன். எத்தனையோ பெண்களைக் கூச்சத்தை உதறிவிட்டுக் கிளினிக்குக்குப் போக வைத்தது அதுதான். கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்ற ஆறுதலும் அந்தப் பேச்சோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்தச் சொல்லில் ஓர் ஓட்டை இருக்கிறது. கட்டியே கட்டாமல் வளரும் மார்பகப் புற்றுநோயும் உண்டு. என் பெரியம்மா அந்த ஓட்டையில்தான் விழுந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு வயது 63. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பாட்டியோடு விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர். திருமணத்துக்குப் பிறகு கிள்ளானுக்கு வந்து தையல் கற்றுக்கொண்டு, இன்றுவரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். தமக்கும் அவரே தைத்துக்கொள்வார். பத்து ஆண்டுகளாக ஒரே அளவு, ஒரே வெட்டு.

ஒரு தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை இடது பக்கம் மட்டும் சரியாக உட்காரவில்லை. பிரித்துத் தைத்தார். மறுபடியும் இறுக்கியது. தொட்டுப் பார்த்திருக்கிறார். உருண்டையாக எதுவும் கைக்கு அகப்படவில்லை. ஓரிடத்தில் மட்டும் சதை கொஞ்சம் தடித்துக் கிடந்தது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கட்டி ஒண்ணும் இல்லடி. வயசாகுது, உடம்பு மாறுது" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அதற்கு முந்திய ஆண்டு எடுத்த மேமோகிராம் படத்தில் எதுவும் இல்லை என்பது வேறு தைரியம். இடது பக்கத்துக்குத் துணியை அரை அங்குலம் கூட்டி வெட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். இப்படியே ஏழு மாதங்கள் போயின. ஒருநாள் முலைக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அண்ணனிடம் சொன்னார். அல்ட்ராசவுண்ட், பிறகு எம்.ஆர்.ஐ., பிறகு ஊசி வழியாகத் திசு எடுத்துச் செய்யும் பயாப்சி. நோய் பரவியிருந்த இடத்தின் நீளம் ஐந்து சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு நோய் இருந்தும், கையில் பிடிக்கும்படி ஒரு கட்டி இல்லை.

பயாப்சி முடிவு வந்த அன்று அண்ணன் அந்தக் காகிதத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் நான்கு வரிகளை ஒவ்வொருவரும் தத்தம் வழியில் படித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பாசிட்டிவ். புரோஜெஸ்டிரோன் ஏற்பி, பாசிட்டிவ். ஹெர்-2, நெகட்டிவ். ஈ-கேட்ஹெரின், நெகட்டிவ். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துப் பழகிய குடும்பம் இது. எங்களுக்கு நெகட்டிவ் என்றால் நிம்மதி, பாசிட்டிவ் என்றால் பீதி. "ரெண்டு நெகட்டிவ் வந்திருக்கு, கடவுள் இருக்காரு" என்று ஈப்போ சித்தி எழுதினார். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன.

டாக்டர்களோடு வானொலியில் பேசுகிறவள் என்பதால், "என்னன்னு கேட்டுச் சொல்லும்மா" என்று அந்தக் காகிதம் என் கைக்கு வந்தது. நான் படித்தது ஊடகவியல். அறிவியல் பாடத்தோடு என் தொடர்பு ஐந்தாம் படிவத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் கேள்வி கேட்பது என் தொழில். எங்கள் நிகழ்ச்சிக்கு இரண்டு முறை வந்திருந்த ஒரு நோயியல் மருத்துவரை அழைத்தேன். திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயின் பெயரைச் சொல்வது அவருடைய வேலை. நோயாளிகள் இவரைப் பார்ப்பதே இல்லை, ஆனால் அவர்களுக்கு என்ன சிகிச்சை என்பதற்கு முதல் எழுத்தை எழுதுகிறவர் இவர்தான்.

"முதல்ல அந்தக் கணக்கை மாத்துங்க" என்றார் சிரித்துக்கொண்டே. "முதல் ரெண்டு பாசிட்டிவ்தான் உங்க பெரியம்மாவுக்கு நல்ல செய்தி. ஹார்மோன் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு அதிகம்னு அர்த்தம். கடைசி நெகட்டிவ் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அது நோயோட பேர். நேர்ல வாங்க, காட்டுறேன்."

போனேன். மாணவர்களுக்குப் பாடம் நடத்த வைத்திருந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்தார். முதலாவதில் ஆரோக்கியமான மார்பகத் திசு. ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே பழுப்பு நிறம் ஏறும்படி சாயம் ஏற்றியிருந்தார்கள். பால்குழாய் ஒன்றைக் குறுக்கே வெட்டியது போன்ற வட்டம். அதில் நெருக்கமாக அமர்ந்திருந்த ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் மெல்லிய பழுப்புக் கோடு. தேன்கூட்டை யாரோ காப்பியில் பேனா தொட்டு வரைந்தது போல இருந்தது. இரண்டாவது தகட்டில் அந்த வகைப் புற்றுநோய். செல்களின் உட்கருக்கள் நீலப் புள்ளிகளாகத் தெரிந்தன, பழுப்புக் கோடு எங்கும் இல்லை. அவை கூட்டமாகவும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக, எறும்புச் சாரை போல, சதைக்குள் ஊர்ந்து போயிருந்தன. மூலையில் மட்டும் ஒரு நல்ல பால்குழாய் பழுப்பு வட்டமாகத் தப்பித்து நின்றது.

"இதுதான் லோபுலர் வகை. பால் சுரக்கும் நுண்மடல் பேரை வச்சுச் சொல்றது. மார்பகத்துல பரவத் தொடங்கின புற்றுநோய்கள்ல 10லேர்ந்து 15 விழுக்காடு இது. மிச்சத்துல பெரும்பகுதி டக்டல், அதாவது பால்குழாய் வகை. அதுல இந்தப் பழுப்புக் கோடு பெரும்பாலும் இருக்கும். செல்கள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டே பெருகும். அதனாலதான் அது கட்டியாகுது."

கட்டி என்பதற்கு இப்படி ஒரு விளக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. செல்கள் கைகோத்தபடி பெருகினால் கையில் அகப்படுகிறது. கையை விட்டுவிட்டு நடந்தால் அகப்படுவதில்லை.

நம் உடம்பில் செல்கள் பசை தடவி ஒட்டியவை போலச் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு பிடிப்புக்கும் தனித்தனிப் புரதங்கள் உண்டு. அவற்றைச் செல் ஒட்டு மூலக்கூறுகள் என்கிறார்கள். பால்குழாயையே எடுத்துக்கொள்வோம். உள்பக்கம் ஒரு வரிசைச் செல்கள், பால் சுரக்கும் வரிசையும் இதன் தொடர்ச்சிதான். அதற்கு வெளியே இன்னொரு வரிசை, குழந்தை வாய் வைத்ததும் சுருங்கிப் பாலைப் பிதுக்கித் தள்ளுவது அது. இரண்டுக்கும் அடியில் மெல்லிய தரைவிரிப்பு போல ஒரு படலம். பக்கத்துச் செல்லைப் பிடிக்க ஈ-கேட்ஹெரின். பால் இடுக்கு வழியே கசிந்துவிடாதபடி அடைத்து வைக்க வேறு சில புரதங்கள். கீழே தரையைப் பற்றிக்கொள்ள இன்டெக்ரின் என்ற குடும்பம். ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் என்றால், இத்தனை பிடிப்புகளும் ஒரே நேரத்தில் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று பொருள்.

பிடிப்பு மட்டும் அல்ல, அதன் வழியாகச் செய்தியும் போகிறது. தரையை விட்டுக் கழன்ற நல்ல செல் பெரும்பாலும் தானே இறந்துவிடும். 1994இல் அதற்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் வீடற்ற நிலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தது. இடம் மாறிப்போன செல் ஊர் சுற்றாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல் அது. புற்றுநோய் செல் அந்தக் காவலை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறது. 1997இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஈரானில் பிறந்த மினா பிஸ்ஸலும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் செல்களின் இன்டெக்ரின் ஒன்றை மறித்தபோது, தாறுமாறாக வளர்ந்துகொண்டிருந்த அவை அடங்கி, நல்ல செல்களைப் போல வட்டமாக வரிசை கட்டின. மரபணுக் கோளாறு அப்படியே இருந்தது, நடத்தை மட்டும் மாறியது. ஆய்வுக்கூடத் தட்டில் நடந்ததை அப்படியே மருந்தாக்கிவிட முடியாது. ஆனாலும் ஒரு செல் எப்படி நடந்துகொள்ளும் என்பதில், அது எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு என்று அது காட்டியது.

ஈ-கேட்ஹெரினைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1970களில் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து மசாதோஷி தாகெய்ச்சி என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். செல்களைப் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. கியோட்டோவில் ஒட்டிய செல்கள் பால்டிமோரில் ஒட்டவில்லை. காரணம் தேடினால், அங்கே செல்களைப் பிரிக்கப் பயன்படுத்திய கரைசலில் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஒரு பொருள் கலந்திருந்தது. கால்சியம் இல்லாமல் வேலை செய்யாத ஒட்டுப்பொருள் ஒன்று செல்களில் இருக்கிறது என்று 1977இல் எழுதினார். கால்சியம், ஒட்டுதல் இரண்டையும் சேர்த்துப் பிறகு அவர் வைத்த பெயர்தான் கேட்ஹெரின். 1987இல் அவருடைய குழு, ஒன்றோடொன்று ஒட்டாத எலிச் செல்களுக்குள் இந்தப் புரதத்தின் மரபணுவைச் செலுத்தியது. தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

1995இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். லோபுலர் வகைப் புற்றுநோயில் ஈ-கேட்ஹெரினைச் செய்யும் மரபணுவே உடைந்து கிடந்தது. இன்று நோயியல் மருத்துவர்கள் இரண்டு வகைகளுக்கும் இடையே ஐயம் வந்தால் தட்டில் அந்தப் பழுப்புச் சாயத்தை ஏற்றிப் பார்ப்பது இதனால்தான். என் பெரியம்மாவின் காகிதத்தில் இருந்த கடைசி வரி அந்தச் சோதனையின் முடிவு.

இனி மேமோகிராமுக்கு வருவோம். அது எக்ஸ்ரே படம். சுற்றியிருக்கும் சதையைவிட அடர்ந்த திட்டு அதில் வெள்ளையாகத் தெரியும், சுண்ணாம்புத் துகள்கள் புள்ளிகளாகத் தெரியும். எறும்புச் சாரை போல ஊர்ந்து போகும் செல்கள் சுற்றியிருக்கும் சதையை அதிகம் கலைப்பதில்லை. திட்டு உருவாகத் தாமதமாகிறது, சுண்ணாம்புத் துகளும் குறைவாகவே விழுகிறது. ஆகவே இந்த வகை படத்தில் சிக்காமல் நழுவும் வாய்ப்பு மற்றதைவிட அதிகம். படம் எடுத்தவர் மீதும் தவறில்லை, பார்த்தவர் மீதும் தவறில்லை. அந்த நோயின் சுபாவம் அப்படி.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வண்டியில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். புரதம், மரபணு என்று தொடங்கினால் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவார். "செல்லுங்க ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிற சக்தி போயிடுச்சு பெரியம்மா. அதனால கட்டியா திரளாம, சதைக்குள்ள வரிசையா பரவியிருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அமோனியா ஊத்தின பால் மாதிரின்னு சொல்லு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். மரத்திலிருந்து இறங்கிய ரப்பர் பால் மங்கில் அப்படியே கிடந்தால் தானாக உறைந்து கட்டிப்பாலாகிவிடும். ஸ்டோருக்குப் போகும்வரை உறையாமல் இருக்க அதில் அமோனியா விடுவார்கள். அங்கே தட்டில் ஊற்றி ஆசிட் கலந்தால் திரண்டு, உருளையில் கொடுத்து ஷீட் அடிக்கும்படி கெட்டியாகும். "அமோனியா விட்ட பாலும் பால்தானே? உள்ள இருக்கிற ரப்பர் எங்கயும் போயிடல. கட்டலைன்னா ரப்பர் இல்லைன்னு ஆயிடுமா? நான் கட்டலைன்னு சும்மா இருந்துட்டேன்."

அறிவியல் கணக்கில் ரப்பர் பாலும் மார்பகச் செல்லும் வேறுவேறு முறையில் திரள்கின்றன. ஆனால் அந்த மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, "இனிமே தோட்டத்துல வளர்ந்த நோயாளிகளுக்கு நான் இதைத்தான் சொல்லப்போறேன்" என்றார்.

நோயின் பெயர் தெரிந்த பிறகு, உறவினர்களின் விளக்கங்கள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் மனசில் போட்டுப் புழுங்கியதால் வந்தது என்றார் ஒருவர். இறுக்கமாக ரவிக்கை போட்டதால் என்றார் இன்னொருவர். தையற்காரியிடம் சொன்னதால் அது இரட்டிப்பாக வலித்திருக்கும். இவற்றுக்கெல்லாம் மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. நான் சொன்ன "பிடிப்பு" விளக்கத்தைக் கேட்ட மாமா ஒருவர் அதையும் விடவில்லை. "பாத்தியா, ஒத்துமை குலைஞ்சா குடும்பத்துக்கு மட்டும் இல்ல, உடம்புக்கும் கேடு. பெரியவங்க சும்மாவா கூட்டுக் குடும்பமா இருந்தாங்க?" என்றார். பெரியம்மாவும் மருமகளும் இரண்டு மாதம் பேசாமல் இருந்த பழைய கதை அங்கே யாருக்கும் மறக்கவில்லை. அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வானொலிக்காரிக்கு இப்படி ஓர் உவமை கிடைத்தால் நாக்கு ஊறும். காலை நிகழ்ச்சிக்கு அருமையான சிந்தனைத் துளி அது. ஆனால் செல்கள் நீதிக்கதை சொல்வதற்காக வாழ்வதில்லை. மாமாவின் கணக்குப்படி, பிடித்துக்கொள்ளும் செல்கள் நல்லவை, கையை விடும் செல்கள் கெட்டவை. உண்மை அவ்வளவு நேராக இல்லை. மிகுதியாக வரும் பால்குழாய் வகைப் புற்றுநோய், ஈ-கேட்ஹெரினைக் கையில் வைத்துக்கொண்டேதான் எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவுகிறது. 2014இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோயில் இரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் செல்களை ஆராய்ந்தார்கள். தனியாகப் போகும் செல்லைவிட, கைகோத்துக் கூட்டமாகப் போகும் செல்கள் வேறிடத்தில் வேரூன்றும் ஆற்றல் 23 முதல் 50 மடங்குவரை அதிகம் என்று எலிகளில் கண்டார்கள். 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, பால்குழாய் வகைப் புற்றுநோய் கொண்ட எலிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கிப் பார்த்தது. செல்கள் அக்கம்பக்கத்துச் சதைக்குள் முன்பைவிட வேகமாக நுழைந்தன. ஆனால் தூரத்து உறுப்புகளுக்குப் போய்ப் பிழைக்க முடியாமல் பெருமளவு மடிந்தன. அங்கே அந்தப் புரதம் நோய்க்குத்தான் துணை நின்றது.

ஒரே மூலக்கூறு ஒரு வகையில் காவல், இன்னொரு வகையில் கூட்டாளி. இதை மாமாவிடம் முழுக்கச் சொல்லவில்லை. "ஒத்துமையா பரவுற கேன்சரும் இருக்கு மாமா, அதுதான் அதிகம்" என்று மட்டும் சொன்னேன். அடுப்படியிலிருந்து அண்ணி தேநீர்த் தட்டோடு வந்தார்.

பெரியம்மாவுக்கு வேறொரு பயம் இருந்தது. "உடைஞ்ச மரபணுன்னு சொல்றியே, அது என் பொண்ணுக்கும் போயிருக்குமா?" அக்காவுக்கு 34 வயது, இரண்டு பெண் பிள்ளைகள். இதற்கும் மருத்துவரிடம் பதில் வாங்கி வந்தேன். லோபுலர் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த மரபணு உடைவது மார்பகத்தின் அந்தச் சில செல்களில் மட்டும்தான். பிறக்கும்போதே வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. பரம்பரையாக வருவது அரிது, ஆனால் உண்டு. 1998இல் நியூசிலாந்தில் ஒரு மவோரி குடும்பம் ஆய்வாளர்களோடு கைகோத்து அதைக் கண்டறிய உதவியது. தலைமுறை தலைமுறையாக, இளம் வயதிலேயே வயிற்றுப் புற்றுநோயில் பிள்ளைகளை இழந்த குடும்பம் அது. ஈ-கேட்ஹெரின் மரபணுவில் பரம்பரைக் கோளாறு இருப்பவர்களுக்கு அந்த வகை வயிற்றுப் புற்றுநோயும், பெண்களாயின் லோபுலர் மார்பகப் புற்றுநோயும் வரும் அபாயம் கூடுதல் என்று அதன்பிறகு தெரியவந்தது. "உங்க வீட்டுல யாருக்காச்சும் இளம் வயசுல வயித்துல புற்றுநோய் வந்திருக்கா? பல பேருக்கு இந்த லோபுலர் வந்திருக்கா?" என்று மருத்துவர் கேட்டார். பாட்டியின் பக்கம், தாத்தாவின் பக்கம் என்று அம்மாவும் பெரியம்மாவும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எண்ணினார்கள். இல்லை. ஆனாலும் அக்கா தம் மருத்துவரிடம் இந்தக் குடும்பக் கதையைச் சொல்லிவைத்திருக்கிறார். அதுதான் சரியும்கூட.

நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்குத்தான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். தாமதத்துக்குப் பயம், கூச்சம், செலவு, தூரம் என்று ஆயிரம் காரணங்கள். "கட்டி இல்லையே" என்பதும் அவற்றில் ஒன்றாக இருந்துவிடக் கூடாது.

எதைக் கவனிக்க வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது. ஓரிடத்தில் சதை தடிப்பது, மற்ற இடத்தைவிட இறுகியிருப்பது. தோலில் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாவது. புதிதாக முலைக்காம்பு உள்ளே இழுப்பது, கசிவது. அக்குளில் வீக்கம். இவை வந்தாலே புற்றுநோய் என்று நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் மறையாத மாற்றம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மேமோகிராமை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களைக் கைக்குத் தெரியும் முன்பே காட்டிக்கொடுப்பது அதுதான். லோபுலர் வகையிலும் பலவற்றை அது பிடிக்கிறது. பொதுவாக 50 வயதைத் தாண்டியவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்வது நல்லது. குடும்பத்தில் நோய் வரலாறு இருந்தால் எப்போது தொடங்குவது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் தகுதியுள்ளவர்களுக்கு உதவித்தொகை தருகிறது, அருகிலிருக்கும் கிளினிக்கில் விசாரிக்கலாம். படத்தில் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் மாற்றம் அப்படியே இருந்தால், திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். "படம் நல்லா இருக்கு டாக்டர், ஆனா எனக்கு மாற்றம் தெரியுது" என்று சொல்ல எந்தப் பெண்ணும் கூச்சப்பட வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அதற்குத்தான் இருக்கின்றன.

பெரியம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்தது. அந்த இரண்டு பாசிட்டிவ் வரிகளின் புண்ணியத்தில் இப்போது தினமும் காலையில் ஒரு ஹார்மோன் மாத்திரை. மூட்டு வலிக்கிறது என்று அதன்மேல் குறைப்படுகிறார், ஆனால் ஒருநாளும் தவறவிடுவதில்லை. லோபுலர் வகை பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும், சில நேரம் வயிறு, சூலகம் போன்ற எதிர்பாராத இடங்களில்கூட. ஆகவே மருத்துவமனைத் தேதிகள் தையல் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. வாடிக்கையாளர்களின் அளவுகளை முன்பு ஒரே எண்ணாக எழுதிவந்தவர் இப்போது இடது, வலது என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுகிறார். போன மாதம் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நாடாவைச் சுருட்டியபடியே, "போன தீபாவளிக்கும் இதுக்கும் வலது பக்கம் முக்கால் இன்ச் கூடியிருக்கு தங்கச்சி. துணியைக் கூட்டி வெட்டிடுறேன், அது பெரிய வேலை இல்ல. நீ ஒரு நடை கிளினிக்குக்குப் போய்க் காட்டிட்டு வந்துடு" என்றார். அந்தப் பெண் போய் வந்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரவிக்கையும் தயாராக இருந்தது.